பூக்கேட்க மறுத்தேன்

என் மகளின் கெண்டைக்காலில் கன்றிப்போயிருந்த நீலத் திட்டுகளை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போதுதான் முதலில் கவனித்தேன். ஒரு சனிக்கிழமை காலை. அவளுக்கு அப்போது நான்கரை வயது. "எங்கடி கண்ணு இடிச்சுக்கிட்ட?" என்று கேட்டேன். "இடிக்கலையேம்மா" என்றாள். தோப்புக்குள் ஓடித் திரிகிற குழந்தை, எங்காவது தென்னை மட்டையில் தட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு மேலே தேய்த்தேன். தொடையிலும் இருந்தன. முதுகில் பெரிதாக ஒன்று இருந்தது. முதுகில் எந்த மட்டை வந்து தட்டும்? என் கை அப்படியே நின்றுவிட்டது. "கண்ணு எரியுதும்மா" என்று அவள் சிணுங்கிய பிறகுதான் தண்ணீரை எடுத்து ஊற்றினேன்.

எங்கள் வீடு கோபாலபுரம் எல்லைச் சோதனைச் சாவடிக்குக் கேரளப் பக்கம், பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. ரேஷன் கார்டில் மலையாளம், வீட்டில் கொங்குத் தமிழ். நான் பக்கத்து எல்.பி. தொடக்கப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. என் வீட்டுக்காரர் பாலக்காட்டுச் சித்தூரில் வில்லேஜ் ஆபீசில் வேலை பார்க்கிறார். தோப்பையும் மாடுகளையும் பார்த்துக்கொள்வது மாமனார். அன்றைக்கே சித்தூருக்குப் போய் ரத்தம் கொடுத்தோம். சாயந்திரம் ரிப்போர்ட் வாங்கப் போனபோது லேபில் இருந்தவர் அதை உறையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். காத்திருக்க வேண்டாம், நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார். குரலைத் தாழ்த்திக்கொண்டு அவர் பேசிய விதத்திலேயே பாதி புரிந்துவிட்டது.

மறுநாள் கோயம்புத்தூருக்குப் போனோம். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்துப் பார்த்தார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் டாக்டரம்மா எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். சுற்றி வளைக்கவில்லை. "ரத்தப் புற்றுநோய். குழந்தைகளுக்கு வர்ற வகை. மருந்துக்குக் கேக்கற வகை. ரெண்டரை வருஷம் விடாம வைத்தியம் பண்ணணும்" என்றார். என் வீட்டுக்காரர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். கல்யாணமான ஏழு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வரவில்லை. "நான் ஏதாச்சும் தப்பாக் குடுத்துட்டேனுங்களா?" என்று மட்டும் கேட்டேன். "நீங்க செஞ்ச எதனாலயும் இது வரலை. இதை இனிமே எங்கிட்ட கேக்கக் கூடாது" என்றார் அவர். தலையில் இருந்த பாரத்தில் பாதியை யாரோ இறக்கி வைத்தது போல இருந்தது. "எப்பங்க ஆரம்பிக்கறீங்க?" என்றேன். "நாளைக்குக் காலையில."

மத்தியானம் மாமனார் வந்து சேர்ந்தார். வார்டுக்கு வெளியே நடையில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஒரு நாள் பொறுங்க அம்மிணி. ஆத்தாகிட்டப் பூக்கேட்டுட்டு வந்தர்றேன்" என்றார்.

பூக்கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளை அரளி ஒன்றும் செவ்வரளி ஒன்றும் ஒரே மாதிரி இரண்டு பொட்டலமாகக் கட்டி மாரியம்மன் காலடியில் வைத்து, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் ஆத்தா சம்மதம் தந்துவிட்டாள். சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறாள். எங்கள் வீட்டில் போர்வெல் போட்டதற்கும் பூக்கேட்டார்கள், என்னை இந்த வீட்டுக்கு எடுத்ததற்கும் பூக்கேட்டார்கள். எனக்கு வெள்ளை வந்ததாம். அதைச் சொல்லிச் சொல்லி மாமனார் பெருமைப்படுவார். அதனால் இந்த வழக்கத்தை நான் ஒருநாளும் இளக்காரமாக நினைத்தவள் இல்லை.

ஆனாலும் அன்றைக்கு, "வேண்டாமுங்க மாமா" என்றேன்.

அவர் முகம் மாறியது. "ஆத்தா மேல உனக்கு நம்பிக்கை இல்லையா?"

"இருக்குங்க மாமா. சிவப்பு வந்தா நான் மருந்தை நிறுத்துவனுங்களா? நிறுத்த மாட்டேன். அவ சொல்றதைக் கேக்கறதா இல்லாதப்ப எதுக்கு அவகிட்டக் கேக்கோணும்? இதுல கேக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க. வைத்தியம் பண்றோம், நீ கூட இருன்னு சொல்றதுக்குத்தான் இருக்குது."

இவ்வளவும் என் வாயிலிருந்துதான் வந்ததா என்று எனக்கே திகைப்பாக இருந்தது. அந்த வீட்டில் அவர் பேச்சுக்கு நான் மறுபேச்சுப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் மகனைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவ சொல்றதுதானுங்கப்பா" என்றார். மாமனார் படியிறங்கிப் பொள்ளாச்சி பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார். கோபித்துக்கொண்டார், இனி வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையில் முதல் மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது வார்டு வாசலில் நின்றார். கையில் கார்ச் சாவி. இன்னொரு கையில் தூக்குச்சட்டியில் பாப்பாவுக்குப் பிடித்த தக்காளி ரசம். "அப்பாரு!" என்று அவள் தாத்தாவைப் பார்த்துக் கத்தினாள். அன்றிலிருந்து எங்கள் போக்குவரத்துக்கெல்லாம் அவர்தான் டிரைவர்.

முதல் மாதம் முழுக்க ஆஸ்பத்திரிதான். ஒரு மருந்து அவளுக்குத் தீராத பசியைக் கொடுத்தது. கன்னம் உப்பி, கண் சிறுத்து, என் குழந்தையின் முகத்துக்குள் வேறு யாரோ இருப்பது போல இருந்தது. ஒரே நாளில் ஆறு தடவை ரசஞ்சோறு கேட்பாள். கொடுக்கத் தாமதமானால் தட்டைத் தள்ளிவிடுவாள். மூன்றாவது வாரம் தலையணையில் முடி கொத்துக் கொத்தாகக் கிடந்தது. முதுகில் ஊசி போடும் நாட்களில் காலையிலிருந்தே என் சேலை முந்தானையைக் கையில் சுற்றிக்கொள்வாள். அங்கே இருந்த மலையாளி நர்ஸ் ஒருவர் அவளை "மோளே" என்று கூப்பிடுவார். எதையும் மறைக்க மாட்டார். ஊசி வலிக்குமா என்று பாப்பா கேட்டால் வலிக்கும் என்றே சொல்வார். அதனாலேயே அவரிடம் மட்டும் அழாமல் கையை நீட்டினாள்.

என் பக்தி அந்த நாட்களில் வேறு ஒரு வடிவத்துக்கு வந்தது. கூட்டத்துக்குக் கூட்டிப்போகக் கூடாது, வெளியே தருகிற எதையும் தின்னக் கொடுக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கோவிலும் பிரசாதமும் தாமாகவே விலகிப்போயின. ஊரில் மாரியம்மன் நோம்பித் திருவிழா நடந்தபோது ஜன்னலைச் சாத்திக்கொண்டு பாப்பாவோடு வீட்டுக்குள் இருந்தேன். தப்பட்டைச் சத்தம் கேட்டு அவள் கட்டில் மேல் ஏறி ஆடினாள். எனக்குக் குறையாகவே படவில்லை. தினமும் மாத்திரையை அளந்து கொடுப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு, இன்றைக்கு இந்த மாத்திரை, நாளைக்கு இந்த ஊசி என்று ஆத்தாவிடம் ஒப்பிப்பேன். என் பள்ளிப் பிள்ளைகள் என்னிடம் வீட்டுப்பாடம் ஒப்பிப்பார்களே, அந்த மாதிரி. காப்பாற்று என்று கெஞ்சியதாக எனக்கு நினைவில்லை. காப்பாற்றுவாள் என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. அது எங்கிருந்து வந்த தைரியம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஐந்தாவது மாதம் அந்தத் தைரியத்துக்குச் சோதனை வந்தது. மத்தியானம் சாப்பிட்டுத் தூங்கிய குழந்தை எழுந்தபோது உடம்பு கொதித்தது. எதிர்ப்புச் சக்தி அற்றுப்போயிருக்கும் நேரத்தில் காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரம்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்பது எங்களுக்குப் பாடமாகியிருந்தது. வீட்டுக்காரர் சித்தூரில் இருந்தார். மாமனார் தோப்பிலிருந்து ஓடி வந்து, சேறு பட்ட காலோடு காரை எடுத்தார். சோதனைச் சாவடியில் வரிசையாக லாரிகள். முன்னாலும் போக முடியாது, திரும்பவும் முடியாது. பாப்பா என் மடியில் கண்ணைத் திறக்காமல் கிடந்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

மாமனார் ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுக்காமல், திரும்பியும் பார்க்காமல் சொன்னார். "அம்மிணி, நான் உங்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். அன்னிக்கு ஊட்டுக்குப் போனவன் பூக்கேட்டேன். செகப்பு வந்துது."

பயத்தில் பாப்பாவை மார்போடு இழுத்து அணைத்துக்கொண்டேன். ஐந்து மாதமாக இந்த மனிதர் இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டியிருக்கிறார். இப்போது, இந்த நேரத்திலா இதைச் சொல்ல வேண்டும் என்று ஆத்திரமும் வந்தது. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். ஆத்தா அன்றைக்குச் சொன்னது இன்றைக்கு நடந்துவிடுமோ என்று பயந்து நடுங்கிக்கொண்டிருந்தார். அந்த நடுக்கத்தைப் பார்த்ததும் என் பயம் எங்கோ போய்விட்டது.

"மாமா, அந்தப் பேச்சை அப்பறம் பேசிக்கலாம். எறங்கிப் போய் வழி கேளுங்க."

அவர் இறங்கினார். ஒவ்வொரு லாரியாக, டிரைவர் பக்கக் கதவைத் தட்டி, கையெடுத்துக் கும்பிட்டு, காரைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டு வேட்டியை மடித்துக்கட்டியபடி ஓடினார். ஊரில் அவரைக் கண்டாலே பத்துப் பேர் எழுந்து நிற்பார்கள். முதல் லாரி சற்று ஒதுங்கியது. பிறகு அடுத்தது. சாவடியில் இருந்த போலீஸ்காரர் முன்னால் வந்து கை காட்டினார். மாமனார் திரும்பி ஓடி வந்து உட்கார்ந்தபோது மூச்சு வாங்கியது. அதற்குப் பிறகு கோயம்புத்தூர் வரை வண்டியை எங்கும் நிறுத்தவில்லை.

போய்ச் சேர்ந்த உடனே மருந்து ஏற்றினார்கள். நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார் டாக்டரம்மா. இரண்டு நாள் குழந்தை கண் திறந்து பேசவில்லை. மூன்றாவது நாள் ரசம் கேட்டாள். ஆறாவது நாள் காய்ச்சல் முழுதாக விட்டது. அன்றைக்கு மாமனாரும் நானும் நடையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். நானே பேச்சை எடுத்தேன்.

"செகப்பு வந்தும் அடுத்த நாள் ஏனுங்க மாமா வந்தீங்க?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "வராம? பாப்பா இங்கதான இருக்குது." டீயைக் கீழே வைத்துவிட்டு, "ஆத்தாகிட்டச் சண்டை போட்டுட்டுத்தான் வந்தேன். நீ என்ன வேணாலும் சொல்லிக்கோ, நான் வண்டிய எடுக்கறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார்.

நம்பிக்கை என்று யாராவது பேசினால் எனக்கு அவர் சொன்ன அந்த 'வண்டிய எடுக்கறேன்'தான் நினைவுக்கு வருகிறது. எனக்குப் பூவின் பதில் தெரியாது. தெரியாமல் தைரியமாக இருந்தேன். அவருக்குத் தெரியும். தெரிந்தும் விடிந்ததும் ரசம் வைத்து எடுத்துக்கொண்டு வந்து நின்றார். எங்கள் இருவரில் பெரிய பக்தர் யார் என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை. சிவப்பு ஏன் வந்தது என்று அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டதில்லை. ஆத்தாவுக்கும் அவருக்கும் நடுவில் நான் எதற்கு?

இரண்டரை வருடம் முடிந்து கடைசி மாத்திரையைக் கொடுத்த நாளில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பாப்பா அதை விழுங்கிவிட்டுச் சைக்கிள் ஓட்டப் போய்விட்டாள். இப்போது அவளுக்கு ஒன்பது வயது. நான்காம் வகுப்பு. என் பள்ளியில்தான் படிக்கிறாள், என்னை அங்கே டீச்சர் என்று கூப்பிடப் பழகாமல் அம்மா என்றே கூப்பிட்டு என் மானத்தை வாங்குகிறாள். பரிசோதனைக்கு மட்டும் கோயம்புத்தூர் போய் வருகிறோம்.

போன மாதம் அப்படிப் போனபோது எங்கள் பெஞ்சில் ஒரு இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். சாந்தன்பாறைப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை செய்கிறவள். அவள் மடியில் நான்கு வயதுப் பெண் குழந்தை, கையில் ஊசி ஒட்டியபடி. முந்தின நாள்தான் நோயின் பெயரைச் சொல்லியிருந்தார்கள். என் மகளுக்கும் அதுதான் இருந்தது என்று சொன்னதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எந்தச் சாமிக்குக்கா நேந்துக்கிட்டீங்க? சொல்லுங்க, நாங்களும் போறோம்" என்றாள். நான் வாயைத் திறந்தேன். மாமனாரைச் சொல்வதா, லாரிக்காரர்களைச் சொல்வதா, டாக்டரம்மாவைச் சொல்வதா என்று தெரியவில்லை. "உங்க சாமியே போதும்மா. மருந்தை மட்டும் ஒரு நாளும் விட்றாத" என்றேன்.

என் மகள் அதற்குள் அந்தக் குழந்தையின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்திருந்தாள். அது ஊசியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. "உள்ள போடற ஊசியும் வலிக்குமா?" என்று மெல்லக் கேட்டது.

"வலிக்கும்" என்றாள் என் மகள். "நான் கையப் புடிச்சுக்கறேன், வா."

நர்ஸ் அந்தக் குழந்தையின் பெயரைக் கூப்பிட்டதும் இரண்டு பேரும் இறங்கி உள்ளே போனார்கள்.