தண்டனைக் குறிப்பேடு

ஈஸ்டருக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு, நாமக்கல் பக்கத்து எங்கள் சபையின் ஆயர் என்னைக் கூப்பிட்டு ஒரு மொட்டைக் கடிதத்தைக் காட்டினார். நீல மையில் கையால் எழுதியது. ஞானஸ்நானப் பதிவேட்டில் யாருக்காகவோ நான் தேதியைத் திருத்தியதாக அதில் இருந்தது. பதினெட்டு ஆண்டுகளாக அந்தப் பதிவேட்டை எழுதி வந்தவன் நான். விசாரணை முடியும்வரை அது ஆயரிடமே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

எழுதியது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆலயத்தில் எனக்கு முன் பெஞ்சில் உட்காருபவர், லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்காரர். கிறிஸ்தவப் பள்ளியில் பேரனுக்கு இடம் கேட்பதற்காக, அவனுடைய ஞானஸ்நானம் மூன்று மாதம் முந்தியே நடந்ததாக எழுதித் தரச் சொன்னார். மறுத்தேன். "மூணு மாசத்துல என்னுங்க வந்துரப் போகுது? வானம் இடிஞ்சா உழுந்துரும்?" என்று சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை.

அவர் லாரிகளை நிறுத்திப் பாதித் தெருவை அடைப்பதைப் பற்றி நகராட்சிக்கு ஒரு மனு போடலாமா என்று யோசித்தேன். போடவில்லை. நீதியை ஆண்டவரிடம் விட்டுவிட்டேன் என்று மனைவியிடம் சொன்னேன். சொன்ன அன்றே ஒரு புது நோட்டை எடுத்து, அவருக்கு நேர்ந்த கெடுதல்களை நாளோடு எழுதத் தொடங்கினேன். கம்ப்ரசர் எரிந்தது. வெல்டர்கள் இருவர் வேலையை விட்டு மோகனூர் போனார்கள். வெல்டிங்கில் அவருக்கு வலது கை வெந்தது.

ஒரு மாலை மனைவி அதைப் படித்துவிட்டாள்.

"ஏனுங்க, ஆண்டவருகிட்ட ஒப்படைச்சுப்போட்டு, அவரு செய்யறாரா இல்லையான்னு வேவு பாக்கறீங்களா?"

"நடந்ததைத்தான எழுதறேன்."

"கை வெந்தது கடுதாசிக்கு முன்னாலீங்க. பெரிய வெள்ளிக்கே கட்டோடதான் வந்தாரு. பாட்டுப் புஸ்தகம் பிரிக்க முடியலீன்னு நாந்தான் எட்டிப் பிரிச்சுக் குடுத்தேன்."

அன்று அவள் பக்கத்தில்தான் நானும் உட்கார்ந்திருந்தேன். அந்த வெள்ளைக் கட்டைப் பார்த்தேன். நோட்டிலோ, ஈஸ்டருக்கு அடுத்த வியாழன் என்று என் கையெழுத்தில் இருந்தது. தண்டனை குற்றத்துக்குப் பின்னால் வர வேண்டும் என்பதற்காகக் காயத்தைக் குறைந்தது ஆறு நாள் தள்ளி எழுதியிருக்கிறேன். மறந்துபோய் எழுதிவிட்டதாகச் சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். தேதி விஷயத்தில் எனக்கு மறதி வந்ததில்லை.

அடுத்த ஞாயிறு திருவிருந்து. ஆராதனை முடிந்ததும் அவரிடம் போனேன்.

"கை எப்படிங்க இருக்குது?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். "எதுக்குங்க கேக்கறீங்க?"

"சும்மாதானுங்க."

என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். தோல் இளஞ்சிவப்பாக இழுத்துப் பிடித்திருந்தது. "ஸ்பூன் புடிக்கவே இப்பத்தாங்க வருது," என்றார்.

இந்தக் கையால் எப்படி அந்தக் கடிதத்தை எழுதியிருக்க முடியும் என்று வீட்டுக்கு வரும் வழியில் யோசித்தேன். வேறு யாரையாவது எழுதச் சொல்லியிருக்கலாம் என்றும் தோன்றியது. அதை நோட்டில் எழுதவில்லை.