காருக்குத் தெரிந்த கோடு

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உள்ள அச்சகத்துக்கு மோட்டார்சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, வெள்ளைக் கார் ஒன்று என்னைச் சாலையோரப் புல்லில் தள்ளிவிட்டது.

அந்த இடத்தில் சாலையைச் செப்பனிட்டுப் புதுக் கோடு போட்டிருந்தார்கள். பழைய கோட்டைச் சரியாக அழிக்கவில்லை. ஈரத்தில் இரண்டும் பளபளத்தன. என் வலப்பக்கம் வந்த கார் பழைய கோட்டைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல என் மேல் சாய்ந்தது. ஹாரன் அடித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். ஓட்டியவளின் கை ஸ்டீயரிங்கில் பேருக்குக் கிடந்தது, தலை தொங்கியிருந்தது.

விழுந்ததில் முட்டி உரிந்தது. நல்லவேளை, அவ்வளவுதான். தாதி உடையில் இருந்த பெண் இறங்கி ஓடிவந்தாள்.

“சாரி அங்கிள்! காருதான் ஓட்டிக்கிட்டு இருந்துச்சு…”

“காரு ஓட்டுச்சுன்னா நீ எதுக்குமா உள்ள உக்காந்திருக்க?” என்று கத்தினேன்.

அவள் குந்தி, என் முட்டியைத் துடைத்தாள். பிளாஸ்டரை எந்த முனையில் பிரிப்பது என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நானே வாங்கி ஒட்டிக்கொண்டேன். அதற்கு மேல் கோபப்பட முடியவில்லை.

பக்கத்து ஒட்டுக்கடையில் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். கிள்ளான் மருத்துவமனையில் இரவு டூட்டி முடிந்து கோலாலம்பூரில் உள்ள வீட்டுக்குப் போகிறாளாம். முன்பு பழைய காரில் இப்படித் தூங்கிப்போய்த் தடுப்புச் சுவரில் ஏறியிருக்கிறாள். அதன் பிறகுதான், கோட்டைப் பார்த்துத் தானே ஓடி, தானே பிரேக் போடும் இந்தக் காரைக் கணவர் வாங்கினாராம்.

“இது இல்லாட்டி நான் எப்பவோ போய்ச் சேந்திருப்பேன் அங்கிள்.”

“இன்னிக்கு இதால நான் போய்ச் சேந்திருப்பேன்மா.”

அவள் அழுதாள். நான் சொன்னது பொய்யில்லை, அவள் சொன்னதும் பொய்யில்லை. பழைய காரில் கண்ணாடியை இறக்கி, முகத்தில் தண்ணீர் அடித்துத் தூக்கத்தோடு சண்டை போட்டிருக்கிறாள். இந்தக் கார் கண்ணை மூடும் தைரியத்தைக் கொடுத்துவிட்டது.

அவளை மறுபடி ஓட்ட விடவில்லை. கணவர் வந்ததும், “வண்டியக் குறை சொல்லல தம்பி. டூட்டி முடிஞ்சா இவங்கள ஓட்ட விடாதீங்க” என்றேன். போலீஸில் கொடுத்த புகாரில் அந்தப் பழைய கோட்டைப் பற்றியும் எழுதினேன்.

வீட்டில் மனைவி கேட்டாள்: “தூங்குறவங்க ஓட்டுற பழைய காரு பக்கத்துல போவீங்களா, இந்தக் காரு பக்கத்துலயா?”

“இந்தக் காரு பக்கத்துலதான்” என்றேன். “ஆனா உள்ள இருக்கறவங்க முழிச்சிருக்கணும் லா.”

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண்ணிடமிருந்து செய்தி வந்தது. இரவு டூட்டி நாட்களில் இப்போது ரயிலில்தான் போய்வருகிறாளாம். திரும்பும்போது உட்கார இடம் கிடைத்தால் கோலாலம்பூர் வரை நன்றாகத் தூங்குகிறாளாம்.