மஞ்சளாகாத விளக்கு

அன்று காலை ஆன்சிக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. பாம்பன் கடைத்தெருவில் இருந்த தன் ரிப்பேர் கடையைத் திறந்தாள், உடனே மூடினாள். கரைக்கு ஓடினாள், திரும்பி வந்தாள், மறுபடியும் ஓடினாள். முதல்நாள் சாயங்காலம் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போன புருஷன் யேசுதாஸும் தம்பி வில்பிரட்டும் இன்னும் வந்து சேரவில்லை. மற்ற வள்ளங்கள் எல்லாம் வந்து, மீனை ஏலம் விட்டு, வலையைக்கூட உதறிப் போட்டாயிற்று.

சும்மா வராமல் இருந்தாலாவது பரவாயில்லை. பக்கத்தில் வலை விட்டிருந்த சுஐபு வந்து சொன்ன சேதிதான் அவளை இப்படி ஓட வைத்தது.

"ஒங்க விளக்கு பளிச்சுன்னு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு தங்கச்சி. திரும்பிப் பாக்குறேன், காணோம். மஞ்சளாகவே இல்ல. அங்கன போயி சுத்திச் சுத்திப் பாத்தோம், ஒண்ணும் தட்டுப்படல."

அந்தக் கரையில் இதற்கு யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். வள்ளத்துக் கம்பத்தில் கட்டுகிற குண்டு பல்பு, பேட்டரி இறங்க இறங்க மஞ்சளாகி, சிவந்து, மெல்ல அடங்கும். மஞ்சளானால் வலையை இழுத்து ஏற்றிக்கொண்டு கரை திரும்ப வேண்டும். வெள்ளையாக எரிந்தது சட்டென்று மறைந்தால் வள்ளம் கவிழ்ந்துவிட்டது என்றுதான் கணக்கு. அதனால்தான் சுஐபு அவள் முகத்தைப் பார்க்காமல் மணலைப் பார்த்துப் பேசினான். அதனால்தான் பெண்கள் அதற்குள் ஜெபமாலையை எடுத்துவிட்டார்கள்.

"எதுக்கு இப்பவே செபிக்கிறீக?" என்று ஆன்சி எரிந்து விழுந்தாள். "அது நான் செஞ்ச விளக்கு. அது மஞ்சளாகாது!"

ஒருத்தரும் நம்பவில்லை. பாவம், பயத்தில் பிதற்றுகிறாள் என்றுதான் நினைத்தார்கள்.

ஆனால் அது உண்மை. வில்பிரட் துபாயிலிருந்து வந்தபோது ஒரு மின்சிகரெட்டைத் துணிமணிக்குள் ஒளித்துக் கொண்டுவந்திருந்தான். நம் நாட்டில் தடை செய்த சாமான். அக்காள் பையைத் துழாவிப் பிடித்துவிட்டாள். அவள் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. அந்த வெட்கங்கெட்டவனோ அதற்குப் பெருமை பேசினான். "சாதா சாமான்னா பேட்டரி எறங்க எறங்க புகையும் கொறையும்க்கா. இதுக்குள்ள ஒரு போர்டு இருக்கு. கடைசி வரைக்கும் ஒரே வேகம். தீந்துச்சுன்னா டக்குன்னு நின்னுரும்."

ஆன்சி அதை உடைத்து, உள்ளேயிருந்த இரண்டு பேட்டரிகளை எடுத்துக்கொண்டாள். கைக்கு அடக்கமாக இருந்தாலும் கேட்ட வேகத்தைக் கொடுக்கும் உருப்படிகள். அதே குணமுள்ள போர்டு ஒன்றை வாங்கி, எல்இடியோடு சேர்த்துப் புருஷனுக்கு விளக்குச் செய்தாள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க அதில் ஒரு குமிழ் இருந்தது. உப்புத்தண்ணீர் புகுந்தால் எல்லாம் போச்சு என்று, முழு வெளிச்சத்தில் வைத்துக் குமிழையும் சேர்த்து எம்-சீல் பசை பூசி அடைத்துவிட்டாள். மஞ்சளாகாமலே நின்றுவிடும் என்று யேசுதாஸிடம் சொல்லத்தான் மறந்துபோனாள். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள் மறக்கிற விஷயமா அது!

இப்போது அதுதான் அவளைப் பிய்த்துத் தின்றது. போர்டு நிறுத்தியிருக்கலாம். வள்ளம் கவிழ்ந்தும் இருக்கலாம். இரண்டும் கரையிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். "அந்தோணியாரே, பேட்டரி தீந்துதான் போயிருக்கணும்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்தாள்.

சுஐபு டீசல் ஊற்றித் தேடப் புறப்பட்ட நேரத்தில், தெற்கே வள்ளம் தெரிந்தது. ஆன்சி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றாள். வள்ளத்தில் இரண்டு தலை தெரிந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

யேசுதாஸ் இறங்கும்போதே கத்தினான். "என்ன விளக்குடி அது! ஒரு வார்த்த சொல்லாம செத்துப்போச்சு. இருட்டுல வலை எஞ்சின் விசிறியில சுத்திக்கிருச்சு. நீரோட்டம் இழுத்துட்டுப் போயிருச்சு. ஒரு விசைப்படகு நேரா எங்க மேல வருது. நான் கடல்ல குதிக்கவே எந்திரிச்சுட்டேன்."

"பெறகு?"

"ஒந்தம்பிதான். கத்தியால ஒன் எம்-சீலப் பேத்து, குமிழத் திருகி, மினுக்மினுக்குன்னு ஒரு வெளிச்சத்தக் கொண்டாந்தான். அதப் பாத்துத்தான் அந்தப் படகு ஒதுங்குச்சு. விடிஞ்ச பெறகு வலைய அறுத்துட்டு வாரோம்."

ஆன்சி தம்பியைப் பார்த்தாள். குளிரில் அவன் பல் அடித்துக்கொண்டிருந்தது.

"செத்த பேட்டரியில இன்னும் இருக்கும்னு ஒனக்கு எப்படிலே தெரியும்?"

"முழு வேகத்துக்குத்தான் அதால முடியாதுக்கா. கொஞ்சமாக் கேட்டா குடுக்கும். துபாய் ரூம்ல தூக்கம் வராமக் கெடந்த ராத்திரியெல்லாம், பேட்டரி நின்னுருச்சுன்னா அப்படித்தான் அந்தச் சிகரெட்டு வேகத்தக் கொறச்சு வச்சு ஊதுவேன். விடியுற வரைக்கும் அதுதான் எனக்குத் தொண."

ஆன்சிக்கு அவனுடைய போன் பேச்சுகள் ஞாபகம் வந்தன. துபாயிலிருந்து பேசிய போதெல்லாம், "நல்லாருக்கேன்க்கா" என்று ஒரே குரலில்தான் சொல்வான். இவளும் அதை நம்பிப் போனை வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள்.

"நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னு பொய்தான சொன்ன?"

அவன் ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

"இனிமேயாவது முடியலன்னா முடியலன்னு வாயத் தெறந்து சொல்லித் தொலைடா!" என்று அவன் ஈர முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் அங்கேயே நின்று அழுதாள்.