மூன்றை ஆறாக எழுதிய நாள்

ஃபீடிங் சார்ட்டில் வலது மார்புக்கு ஒரு வரி, இடது மார்புக்கு ஒரு வரி எழுதுவது என் பழக்கம். தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். அந்தப் பழக்கம் ஒரு காயல்பட்டினத்துக் குடும்பத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

பாத்திமாவுக்குக் கர்ப்பப்பை எடுத்தாகிவிட்டது. அக்கா ஆயிஷா, "ஒன் கருவ நான் சுமக்கேன்" என்றாள். டாக்டரம்மாவும் சென்னையில் விசாரிக்கத் தயார். அவர்கள் ஊர் மார்க்க அறிஞர் ஆலிம்சா மறுத்துவிட்டார். "ஒருத்தி புருஷனோட கரு இன்னொருத்தி வயித்துக்குப் போவக் கூடாதும்மா. சுமந்து பெத்தவதான் உம்மா."

அடுத்த வருஷம் ஆயிஷா தன் நாலாவது பிள்ளையைப் பெற்று, தங்கைக்கே வளர்க்கக் கொடுத்தாள். பெண் குழந்தை. வளர்ந்த பிறகு பாத்திமாவின் கணவர் அவளுக்கு அந்நிய ஆண். சொந்த வீட்டுக்குள்ளேயே முக்காடு போடணும். அதற்கும் ஒரு வழி இருந்தது. கணவரின் தங்கை ஐந்து தடவை வயிறாரப் பால் கொடுத்தால், அவர் குழந்தைக்குப் பால்வழித் தாய்மாமன். எங்கள் பக்கம் தாய்மாமன்தான் முதல் மாப்பிள்ளை. அவர்களுக்கோ அவன் அப்பன் மாதிரி, முக்காடு வேண்டாம்!

அந்தத் தங்கைக்குக் கைக்குழந்தை, பால் உண்டு. பிள்ளை பிறந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு வந்து கொடுக்கத் தொடங்கினாள். ஆனால் மறுநாள் சாயங்காலம் சவூதிக்குப் புறப்படுகிறாள். திரும்ப மூன்று வருஷமாகும். பால் உறவுக்கோ குழந்தையின் இரண்டு வயசுதான் கெடு.

காலையில் பாத்திமாவின் கணவர் சார்ட்டை எண்ணினார். "ஆறு! ஒண்ணு கூடவே இருக்குல்லா!" என்று எனக்கு லட்டு கொடுத்தார். கூட வந்திருந்த ஆலிம்சா மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "சிஸ்டர், இந்த வலது இடதுன்னா என்னது?" என்றார். சொன்னேன்.

"அப்போ மூணுதானம்மா! ஒரே இருப்புல மார் மாத்துனா ஒரு தடவதான்."

கடித்த லட்டைக் கீழே வைத்துவிட்டு சார்ட்டை மறுபடி எண்ணினேன். மூன்றுதான்.

இன்னும் இரண்டு தடவை. தொட்டிலில் மகாராணியோ நல்ல தூக்கம். வாசலில் டிரைவர் ஹாரன் அடிக்கிறான். உள்ளே மொத்தக் குடும்பமும் அவள் எப்போது அழுவாள் என்று தொட்டிலைச் சுற்றி நிற்கிறது. பிள்ளை அழவில்லையே என்று அழுத குடும்பத்தை அன்றுதான் பார்த்தேன். நான் உள்ளங்காலைச் சுண்டிச் சுண்டி எழுப்பினேன். ஐந்தாவது தடவை குடித்துவிட்டு அவளாகவே வாயை எடுத்தபோது மணி நாலு. கணவர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

கட்டிலில் ஆயிஷா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். அதுவரை நாங்கள் யாரும் அந்தப் பக்கம் போகவே இல்லை.

"ஆலிம்சா, இவ என்னை என்னன்னு கூப்பிடுவா? பெரியும்மான்னா?" என்று கேட்டாள்.

திரைக்கு வெளியிலிருந்து அவர் குரல் வந்தது. "உம்மான்னுதான். பெத்தவ நீ. அத யாரும் மாத்த முடியாதும்மா."

பாத்திமா போய் அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு நான் ஒரு இருப்புக்கு ஒரு வரிதான் எழுதினேன். தொட்டிலுக்குப் போகும் முன் கட்டிலுக்குப் போனேன்.