நோர்வேக் கப்பலும் சிவபாதம் மாமான்ர "பழுதில்லை"யும்

டிராவல் ஏஜென்சி வேலை எண்டா, ஊர் உலகத்தை எல்லாம் பிளேன் ஏத்தி விட்டிட்டு, நாங்கள் மட்டும் அதே கதிரையில இருந்து பிரிண்டரோட சண்டை பிடிக்கிறது. கவுன்டருக்குப் பின்னால இருந்து சீவிக்கிற என்ர சக பாவப்பட்ட சனங்களே, உங்களுக்கு இது விளங்கும். நான் இருக்கிறது பரிஸ் லா சப்பல்ல, கார் து நோர் ஸ்டேசனில இருந்து ஐஞ்சு நிமிச நடையில ஒரு சின்ன ஏஜென்சி. சென்னை, கொழும்பு, திருச்சி, திரும்பவும் சென்னை. இதுதான் நாள் முழுக்க. இப்பவும் ஒரு அன்ரிக்கு விசா போம் பிரிண்ட் ஆகிற இடைவெளியிலதான் இதை அடிக்கிறன், பிழையிருந்தா பொறுத்துக்கொள்ளுங்கோ.

போன வருசம், நோர்வேப் பக்கம் கப்பல்ல போற பயணத்தின்ர புரோஷர் ஒண்டு என்ர கையில வந்து விழுந்திட்டுது. மலையை ரெண்டாப் பிளந்து நடுவால கடல் போகுது! அதுக்குப் பேர் பியோர்ட். அந்தப் படத்தைப் பாத்த நாளில இருந்து எனக்கு வேற கதையே இல்லை. எங்கட முதலாளி பாலா அண்ணையை மூண்டு மாசம் அரிச்செடுத்தன். கடைசியில, "சரி, ஆக்களைச் சேர், நீயே கூட்டிக்கொண்டு போ" எண்டிட்டார். முப்பத்திரண்டு பேர் சேந்தினம்!

அந்த லிஸ்டில ஒரு பேரைப் பாத்திட்டு அண்ணை தலையில கை வைச்சார். பரிசுக்கு வெளியால பொண்டியில இருக்கிற சிவபாதம் மாமா. இந்த மாமா சனிக்கிழமையில லா சப்பல் மரக்கறிக்கடை வாசல்ல நிண்டு என்ன சொல்லுறாரோ, ஞாயிறு காலமை அதுதான் பரிஸ் முழுக்கத் தீர்ப்பு. ரெண்டு சாப்பாட்டுக்கடை அவற்ற வாயாலேயே பூட்டுப்பட்டது. அவர் வாயில இருந்து வரக்கூடிய ஆகப்பெரிய பாராட்டு "பழுதில்லை." அதையும் நான் ஒருநாளும் காதால கேட்டதில்லை. பாலா அண்ணை விரலை நீட்டிச் சொன்னார்: "அந்த மனுசன் திரும்பி வந்து பழுதில்லை எண்டா நீ வருசாவருசம் கப்பல் விடு. மூஞ்சையை நீட்டினா, சாகுமட்டும் சென்னை டிக்கெட்தான், சொல்லிப்போட்டன்."

தபால்ல வந்த காட்

பேர் பதிய மாமாவும் பரமேஸ் மாமியும் சோடியா வந்திச்சினம். கப்பல் எந்தெந்த ஊரில நிக்கும் எண்டு மாமா விசாரிச்சார். நான் உற்சாகத்தில வரைபடத்தை விரிச்சு, "கெய்ராங்கர், பேர்கன்..." எண்டு தொடங்க, மாமா கையை உயத்தி என்னை நிப்பாட்டினார். பேர்கனில இருக்கிறது மாமியின்ர தம்பி குகன். ஆறு வருசத்துக்கு முதல் குகன் தன்ர மகளின்ர கலியாண அழைப்புக் காட்டைத் தபால்ல அனுப்பிப்போட்டார். நேரில வரேல்லை. போனிலயும் சொல்லேல்லை. முத்திரை ஒட்டின என்வலப், உள்ளுக்கை காட், அவ்வளவுதான். அண்டையில இருந்து ரெண்டு வீடும் கதையில்லை.

மாமி ஹான்ட்பாக்குக்குள்ள எதையோ தேடிக்கொண்டிருந்தா. பேந்து மள மள எண்டு ரெண்டு பேருக்கும் போமை நிரப்பி என்னட்டை நீட்டினா. மாமா எழும்பிப் போகேக்க சொன்னார்: "முத்திரை ஒட்டிக் கூப்பிட்டவன்ர ஊரில என்ர கால் படாது. நான் கப்பலுக்குள்ளயே இருக்கிறன், நீ மற்றாக்களை இறக்கு."

பதினொரு குக்கர்

ஒரு வியாழக்கிழமை லா சப்பல்ல பஸ் ஏறி, லு ஆவ்ர் துறைமுகத்தில போய் இறங்கினம். அதுமட்டும் எல்லாம் நல்லாத்தான் போனது. பேந்து சூட்கேசுகளை ஸ்கேன் பண்ணத் தொடங்கிச்சினம். முதல் சூட்கேசுக்குள்ள ஒரு ரைஸ் குக்கர். சூடாக்கிற சாமான் ஒண்டும் கப்பல்ல ஏத்தக்கூடாது எண்டு நான் குரூப்பில நாலுதரம் மெசேஜ் போட்டனான்! ரெண்டாவது சூட்கேசுக்குள்ளயும் குக்கர். மொத்தம் பதினொண்டு. கேட்டா எல்லாரிட்டயும் ஒரே பதில்: "மெசேஜ் பாத்தனாங்கள் பிள்ளை, ஆனா இது சின்னக் குக்கர்தானே."

செக்யூரிட்டிப் பெடியன் ஒவ்வொண்டுக்கும் இலக்கம் ஒட்டி, திரும்பி வரேக்க தாறம் எண்டு மேசையில அடுக்கி வைச்சான். கலியாணவீட்டில பரிசு அடுக்கின மாதிரி இருந்தது. நாலாம் இலக்கம் சிவபாதம் மாமான்ரை. அவற்ற மூஞ்சை அந்த இடத்திலயே நாலு அங்குலம் நீண்டது. எங்களோட வந்த ஒரே புதுச்சேரிக்காரர் மிஸ்ஸியே லூர்து (மிஸ்ஸியே எண்டா பிரெஞ்சில ஐயா), பிரெஞ்சுத் தபால் வேலையில இருந்து ரிட்டையர் ஆனவர், அந்த மேசையைச் சுத்தி ஒரு ரவுண்ட் வந்திட்டு என்னட்டைச் சொன்னார்: "முப்பது வருஷம் பார்சல் தூக்கியிருக்கேம்மா, ஒரே மாதிரி பதினொண்ணு இன்னிக்குத்தான் பாக்கறேன்!"

வெள்ளிக்கிழமை விருந்து

அடுத்தநாள் முழுக்கக் கடல். பின்னேரம் சாப்பாட்டு மண்டபத்துக்குப் போனா, ஐஸ் மலை ஒண்டு கட்டி அதுக்கு மேல சிங்க இறால், நண்டு, மட்டி எல்லாம் அடுக்கி வைச்சிருக்கிறாங்கள். இந்தப் பயணத்திலயே ஒரு நாள்தான் அந்த விருந்து. அந்த ஒரு நாள் வெள்ளிக்கிழமை! எங்கட ஆக்களில முக்கால்வாசிப் பேர் வெள்ளியில சைவம். கோயில் வீதி சுத்தின மாதிரி எல்லாரும் அந்த ஐஸ் மலையை மெல்ல மெல்லச் சுத்தி வந்து, கடைசியில அவிச்ச கரட்டோட போய்க் குந்திச்சினம். வேதக்காரரான, அதாவது கிறிஸ்தவரான மிஸ்ஸியே லூர்து மட்டும், "எங்களுக்கு வெள்ளிக்கிழமைன்னா மீன்தாம்மா" எண்டு ஒரு பெரிய இறாலை எடுத்துக்கொண்டு போய், சரியாச் சிவபாதம் மாமாவுக்கு முன்னால இருந்து உடைச்சார்.

மாமா கரட்டைப் பாத்தார். இறாலைப் பாத்தார். பேந்து என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, கப்டனிட்டை ஒருக்காப் போய்க் கேள். இவ்வளவு பெரிய கப்பலையே திருப்புறாங்கள், ஒரு விருந்தை நாளைக்குத் தள்ள ஏலாதாமோ?"

ஏழு சகோதரியள்

(விசா போம் முடிஞ்சுது. அன்ரி எழும்பிப் போட்டா. இனி ஒரு அரை மணித்தியாலம் எனக்குத்தான்.)

ஞாயிறு விடிய ஆறு மணிக்கு ஒவ்வொரு கதவாத் தட்டி எல்லாரையும் மேல்தட்டுக்கு ஏத்தினன். சீலைக்கு மேல ஸ்கி ஜக்கெட், தலையில கம்பளித் தொப்பி, கழுத்தில மூண்டு சால்வை. கப்பல் மெல்ல கெய்ராங்கர் பியோர்ட்டுக்குள்ள நுழைஞ்சுது. ஐயோ, எப்பிடிச் சொல்லுறது! ரெண்டு பக்கமும் வானம்மட்டும் மலை, கீழ அசையாத கரும்பச்சைத் தண்ணி, உச்சியில இருந்து விழுற அருவி பாதி வழியிலேயே புகையாப் போகுது. எங்கட ஆக்கள் முப்பத்திரண்டு பேர் ஒரே இடத்தில வாய் திறக்காமல் நிண்டதை நான் அண்டைக்குத்தான் பாத்தன். நான் அழுதிட்டன். இப்ப அடிக்கேக்கயும் மயிர் கூச்செறியுது. சிவபாதம் மாமா அண்ணாந்து பாத்தபடி வாயைத் திறந்தார். பழுதில்லை வரப்போகுது எண்டு நான் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிக்க, "தேத்தண்ணி கீழயோ?" எண்டு கேட்டிட்டு இறங்கிப் போட்டார்.

அந்தநேரம் ஸ்பீக்கரில ஒரு கதை சொல்லிச்சினம், நான் தமிழில சொல்லிக்கொண்டு வந்தன். பக்கத்துப் பக்கத்தில விழுற ஏழு அருவிக்கும் ஏழு சகோதரியள் எண்டு பேர். எதிர்மலையில தனிய விழுற அருவி, பெண் கேட்டுப் போன பெடியன். ஏழு பேரும் மாட்டன் எண்டிட்டினம், அவன் பாவம் குடிகாரனாப் போனான். எல்லாரும் உச்சுக் கொட்டிச்சினம். பரமேஸ் மாமி மட்டும் எதிர்மலையைக் கனநேரம் பாத்திட்டுச் சொன்னா: "ஏழு பேரும் வேண்டாம் எண்டவையெண்டா, பெடியன்ர பக்கம் விசாரிக்காமலோ சொல்லியிருப்பினம்?"

பேர்கனில மழை

செவ்வாய்க்கிழமை பேர்கன். நான் மீன் சந்தை, மலை ரயில் எல்லாம் திட்டத்தில போட்டு, பஸ் ஒண்டு ஒழுங்கு பண்ணி, கையில சின்னக் கொடியோட இறங்கிறன். அங்கை பாத்தா துறைமுகத்தில பத்துப் பன்ரெண்டு கார்! "பெரியம்மா!" "சின்னண்ணை!" "மச்சாள், இஞ்சை இஞ்சை!" எங்கட ஆக்களுக்கு நோர்வேயில இவ்வளவு சொந்தம் இருக்கெண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை. ஐஞ்சு நிமிசத்தில எல்லாரையும் கார்களில அள்ளிக்கொண்டு போட்டினம், இடியப்பம் அவிச்சு வைச்சிருக்கினமாம். என்ர பஸ்சில ஏறினது மிஸ்ஸியே லூர்து ஒராள்.

கடைசியா ஒரு கார் மட்டும் நிண்டது. பரமேஸ் மாமி அதுக்குப் பக்கத்தில ஒரு மொட்டைத்தலைக்காரரைக் கட்டிப்பிடிச்சு அழுதுகொண்டு நிண்டா. குகன்! மாமி களவாய் போன் அடிச்சுச் சொல்லியிருக்கிறா. சிவபாதம் மாமா ஐஞ்சாம் தட்டில கம்பியைப் பிடிச்சுக்கொண்டு, தூர மலையைப் பாக்கிற மாதிரி நிண்டார். இந்த மனுசன் நாள் முழுக்கத் தனிய அங்கை நிண்டா, பழுதில்லையும் இல்லை, கப்பலும் இல்லை.

குகன் மாமா குடையை மடக்கிக் காருக்குள்ள போட்டார். கொட்டுற மழையில கப்பலுக்கு நேர கீழ வந்து நிண்டு, அண்ணாந்து ரெண்டு கையையும் கும்பிட்டுக் கத்தினார். "அத்தான்! அண்டைக்கு நான் செய்தது பிழை! இண்டைக்கு நேரில வந்து சொல்லுறன், எங்கட வீட்டை சாப்பிட வாங்கோ!" எட்டுத் தட்டிலயும் வெள்ளைக்காரச் சனம் எட்டிப் பாக்குது. மாமா அசையேல்லை. குகன் மாமாவும் அசையேல்லை, மழை அவற்ற மொட்டையில தெறிச்சுத் தெறிச்சு விழுது. நான் மேல ஓடிப்போய் மாமாவுக்குப் பக்கத்தில நிண்டன். மாமா ஜக்கெட் சிப்பை இழுத்துப் பூட்டிக்கொண்டு படியைப் பாத்து நடந்தார். "பிள்ளை, அவன் நேரில வந்துதான் சொன்னவன். நீ சாட்சி."

நாலு மணி

நாலு மணிக்கு எல்லாரும் கப்பலுக்குள்ள நிக்கவேணும், நாலரைக்குக் கப்பல் வெளிக்கிட்டிடும். நாலுக்கு எண்ணினன், முப்பது பேர். ஆர் இல்லை எண்டு சொல்லத் தேவையில்லைத்தானே. போன் அடிச்சா மாமி, "இந்தா வெளிக்கிட்டிட்டம்" எண்டா. வாசிக்கிற உங்களுக்குத் தெரியும், எங்கட ஆக்கள் இந்தா வெளிக்கிட்டிட்டம் எண்டா இன்னும் செருப்புத் தேடேல்லை எண்டு அர்த்தம். நாலு இருவதுக்கு நடைபாலத்தைக் கழட்ட ரெண்டு பேர் வந்து நிண்டாங்கள். நான் ஒரு கால் கப்பல்ல, ஒரு கால் பாலத்தில. அப்ப மிஸ்ஸியே லூர்து வெளியால போய் பாலத்துக்கு நடுவில நிண்டு, "என் கார்டைக் காணோமே, என் கார்டைக் காணோமே" எண்டு ஒவ்வொரு பொக்கற்றாத் தடவத் தொடங்கினார். கப்பலுக்குள்ள விடுற கார்ட் அவற்ற கழுத்திலயே தொங்குது!

நாலு இருவத்தைஞ்சுக்குக் கார் வந்து நிண்டது. மாமி சீலையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு ஓடி வாறா. மாமா ஆறுதலா நடந்து வாறார், திரும்பித் திரும்பி மச்சானுக்குக் கை காட்டுறார். வாயெல்லாம் வெத்திலைச் சிவப்பு. பாலத்தில நிண்ட என்ர தோளில தட்டிச் சொன்னார்: "என்ன முகம் வெளிறிப்போய் நிக்கிறாய்? சாப்பிட்ட கையோட எழும்பி வந்தா அந்த வீட்டுக்கு மரியாதையே?"

தீர்ப்பு

திரும்பி வந்த சனிக்கிழமை மாமா மரக்கறிக்கடை வாசல்ல நிண்டார். சுத்திவர ஏழெட்டுப் பேர். நான் கதவிடுக்கால பாத்தன், கை அங்கயும் இங்கயும் போகுது, ஒரு சொல்லும் கேக்கேல்லை. பாலா அண்ணை ஒரே புரோஷரை மூண்டுதரம் துடைச்சார். அரை மணித்தியாலத்தால மாமா நேர எங்கட கடைக்கு வந்து கதிரையில இருந்தார். "எப்பிடி மாமா கப்பல்?" எண்டு அண்ணை கேட்டார். தேத்தண்ணி தண்ணி மாதிரி எண்டார். சோறு அரிசியாவே இருந்தது எண்டார். கட்டில் மெத்தை தேவைக்கு மேல மெத்தெண்டு இருந்ததாம். எனக்குக் கண்ணில தண்ணி முட்டிட்டுது. பேந்து றோட்டைப் பாத்தார். "ஆனா, பழுதில்லை."

நான் போட்ட சத்தத்தில போனில நிண்ட கஸ்டமர் கட் பண்ணிட்டார்! பாலா அண்ணை அடுத்த வருச போமை எடுத்து நீட்டினார். மாமா பேனையைத் திறந்துபோட்டு, கையெழுத்து வைக்காமல் என்னைப் பாத்தார்: "நோர்வேக்குப் போய் வந்தன், மச்சான் வீட்டுக் குசினியைத் தவிர பேர்கனில ஒண்டும் பாக்கேல்லை. இந்தமுறை எங்கட சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லாத ஊராப் பாத்துப் போடு பிள்ளை."

அண்டையில இருந்து உலகப்படத்தை விரிச்சு வைச்சு அப்பிடி ஒரு துறைமுகத்தைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறன், அலாஸ்காவிலயும் மாமிக்கு மகள் முறையில ஒரு பெறாமகள் இருக்கிறாவாம்.