போனில் போய்ப் பார்த்த வீடுகள்

ஆசிரியர் வேலையில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதைவிடப் பெரிய பாடு, பெற்றோரைப் பிடிப்பது. மங்கலம் பக்கம் ஒரு சின்னப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். பெற்றோர் கூட்டம் என்றால் பாதி நாற்காலி காலி. கம்பெனியில் ஷிப்டை விட்டுவிட்டு யார் வருவார்கள்? அதனால் மாலையில் ஆளுக்குப் பத்து நிமிடம், வீடியோ காலில் நானே போய்ப் பார்ப்பது என்று ஆரம்பித்தேன். என்னைப் போல வருகைப் பதிவேட்டோடு மல்லுக்கட்டும் சக ஆசிரியர்களுக்கு இது ஆறுதலாக இருக்கும்.

என்ன ஆச்சு டீச்சர்?

முதல் கால் ஜெனிட்டாவின் அம்மாவுக்கு. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து பனியன் கம்பெனியில் தைப்பவர். அப்போது அங்கே டீ நேரம். என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறிவிட்டது. "கீழ விழுந்துட்டாளா டீச்சர்? யாரையும் அடிச்சிட்டாளா?" என்றார். நன்றாகப் பாடுகிறாள், அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்து மெஷின் பெண் எட்டிப் பார்த்து அவரிடம் கேட்டார்.

"ஏக்கா, சும்மா விசாரிக்கதுக்கா டீச்சர் கூப்பிட்டாவ? எங்க புள்ள டீச்சருக்கும் இத சொல்லச் சொல்லுங்கக்கா."

கத்தாதே கவின்

கவின் எதையும் கத்தித்தான் சொல்வான். புகார் சொல்லவே அவன் அப்பாவைக் கூப்பிட்டேன். வீட்டை ஒட்டியே தறி ஷெட், தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன். இன்னும் உரக்கச் சொன்னேன். ஐந்தாவது தடவை எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அந்த வீட்டில் வளர்கிற பிள்ளை வேறு எப்படிப் பேசுவான்? அவர் ஓடிப்போய்த் தறிகளை நிறுத்திவிட்டு வந்தார்.

"இனிக் கத்த வேண்டாமுங்க டீச்சர், மெதுவாவே சொல்லுங்க."

புகாரை நான் சொல்லவே இல்லை.

யாழினி

பள்ளியில் சேர்ந்து நான்கு மாதமாக யாழினி ஒரு வார்த்தை பேசியதில்லை. டாக்டரிடம் காட்டச் சொல்லலாமா என்ற தயக்கத்தோடு கூப்பிட்டேன். அம்மா சமையலில் இருந்ததால் அவளே போனை எடுத்தாள். வாசல் முருங்கை, கட்டுத்தரையில் நின்ற கன்றுக்குட்டி, தன் தலையணை என்று ஒவ்வொன்றாகக் காட்டி, மூச்சு விடாமல் பேசினாள். எனக்கு 'உம்' கொட்டுவது மட்டும்தான் வேலை.

மறுநாள் வகுப்பில் பழையபடி மௌனம். எனக்கு மனசு விட்டுப்போனது. கடைசி மணி அடித்ததும் மேசைக்கு வந்து, சைகையால் என்னைக் குனியவைத்து, காதருகே கிசுகிசுத்தாள்.

"டீச்சர், உங்க ஊட்டை எப்பக் காட்டுவீங்க?"

என் முறை

அன்று மாலையே என் வீட்டைக் காட்டினேன். அடுப்படி, அலமாரி, ஜன்னல் எல்லாம் பார்த்தாள். சோபா மேல் ஒரு வாரத்துத் துணி குவிந்து கிடந்தது. போனை வேகமாகத் திருப்பினேன். "அங்க காட்டுங்க" என்று விடாப்பிடியாக நின்று பார்த்துவிட்டுத்தான் ஓய்ந்தாள்.

மறுநாள் பிரேயர் முடிந்து எல்லோரும் உட்கார்ந்ததும், யாழினி தானாக எழுந்து நின்றாள். நான்கு மாதத்தில் முதல்முறையாக வகுப்பு முழுவதும் கேட்கும்படி வாயைத் திறந்தாள்.

"டீச்சர் ஊட்ல சோபா மேல துணி மலையாட்டம் கெடக்குது!"

வீடியோவில் வீடு வீடாகப் போக நினைக்கும் சக ஆசிரியர்களே, பிள்ளைகள் கட்டாயம் பேசுவார்கள், அதற்குள் துணியை மட்டும் மடித்து வைத்துவிடுங்கள்.