ஈவ்லின் அக்காவின் டிபன் பாக்ஸ் ஆம்ப்ளிபயர்

ரேணிகுண்டாவில் யாராவது விளம்பரத்தைப் பார்த்து ஹெட்போன் வாங்கிவிட்டு, பிறகு பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்று புலம்பினால் எனக்குக் கோபம்தான் வரும். ஊரிலேயே ஈவ்லின் அக்கா இருக்கும்போது இவர்களுக்கு ஏன் இந்த அவசரம்? செருப்பு வாங்கும்போது பத்து ஜோடியைப் போட்டு நடந்து பார்க்கிற ஜனங்கள், காதுக்கு வாங்கும்போது மட்டும் பெட்டி மேலுள்ள படத்தை நம்பிவிடுகிறார்கள்.

அக்கா எனக்குப் பெரியம்மா மகள். ஊருக்கு வெளியே ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் தமிழ்ச் சபையின் பாடகர் குழுவில் ஆல்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், பாடுவாள். நான் அதே குழுவில் பேஸ், ஆண்களின் அடிக்குரல். இந்த ஹெட்போன் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்டால் சிரிப்பாள்.

"ஆல்டோ பாடறவ குரலு எல்லாருக்கும் நடுவுல மாட்டிக்கினு இருக்கும்டா ஆசிரு. என் குரலு எங்க கீதுன்னு தேடிக்கினு போனேன், இதுல வந்து விழுந்துட்டேன்."

யார் வந்து கேட்டாலும் எந்தக் கம்பெனி வேண்டும் என்று அவள் கேட்க மாட்டாள். அடிக்கடி கேட்கும் பாட்டைப் போடச் சொல்வாள். பிறகு ஆளின் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டாள், கையைத்தான் பார்ப்பாள். கை சும்மா கிடந்தால் சரி. சத்தத்தைக் கூட்டக் கூட்டப் போனால், அந்தப் பாட்டும் அந்த ஹெட்போனும் சேரவில்லை.

அவளோடு வேலை செய்யும் சிரஞ்சீவிக்கு டப்பு மேளம் அடித்து ஆடுகிற தெலுங்குப் பாட்டுதான் உயிர். "பேஸ் சாலலேதக்கா, இன்னும் வேணும்" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தான். காதை முழுக்க மூடும் ஒன்றை அவனுக்கு மாட்டிவிட்டாள். வெளிச்சத்தம் அடங்கியதும் அடி தானாக எழுந்து வந்தது, பையனின் நச்சரிப்பு நின்றது. நாகலாபுரத்து செங்கல்வராயன் நாதஸ்வரம் கேட்கிறவர். அவருக்கு மேல்ஸ்தாயியைக் கூர் தீட்டாத ஒன்று. தையல் வேலை செய்துகொண்டே மெலடி கேட்கும் யமுனாவுக்கோ, குக்கர் விசிலும் காதில் விழும்படி, காதுமூடியின் வெளிப்புறம் திறந்த ஒன்று. இவர்கள் யாரும் அதற்குப் பிறகு இன்னொன்று வாங்கவில்லை. கடைக்காரர்கள் அக்காவைச் சபித்தாலும் ஆச்சரியமில்லை.

ஆனால் அவளைப் பற்றி நான் எழுத உட்கார்ந்தது தேவானந்தம் மாமாவுக்காக.

மாமா ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பாடகர் குழுவை நடத்துகிறவர். ஒரு வருடம் அறுப்பின் பண்டிகையில் வழக்கம்போல ஜனங்கள் பூசணிக்காய், சேவல், நிலக்கடலை எல்லாம் காணிக்கையாகக் கொண்டுவந்தார்கள். ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் விடுவது எங்கள் வழக்கம். துபாயில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்யும் கிரண்குமார் ஊருக்கு வந்திருந்தவன், தன் பங்குக்கு ஒரு பெரிய ஸ்டூடியோ ஹெட்போனை வைத்தான். சேவலுக்கும் பூசணிக்கும் நடுவில் அது ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. மாமா விடாப்பிடியாகக் கேட்டு அதை எடுத்தார். மறுநாள் கிரண்குமார் விமானம் ஏறிவிட்டான்.

டிசம்பர் முதல் வாரம், பயிற்சிக்கு வந்த மாமா, வழக்கமாக நின்று குழுவை நடத்தும் ஸ்டூலில் ஏறவில்லை. "இந்த கிறிஸ்மஸுக்கு வேற யாராச்சும் நடத்துங்க. எனக்கு காது போயிடுச்சு" என்றார். முப்பது வருடமாக அவர் கை அசைந்துதான் நாங்கள் வாய் திறந்திருக்கிறோம். இரண்டு பேர் உடனே ஜெபம் செய்ய ஆரம்பித்தார்கள்.

அக்கா மட்டும் கிட்டே போய்க் கேட்டாள். "காது போச்சுன்னு இன்னாத்த வச்சி சொல்றீங்க மாமா?"

"ஏலத்துல எடுத்தேன் இல்ல, அந்த ஹெட்போனு. போன்ல சொருவி சவுண்ட ஃபுல்லா வச்சாலும் எங்கியோ தூரத்துல பாடிக்கினு இருக்கற மாதிரி கேக்குது."

"வேற யாருக்குனா மாட்டி பாத்தீங்களா?"

மாமாவுக்கு லேசாகக் கோபம் வந்தது. "ஆண்டவருக்கு வச்ச பொருளும்மா. அத்த எப்டி சோதிக்கறது? அதுல குத்தம் இருக்குமா? குத்தம் என் காதுலதான்."

இப்படி ஒரு முடிவுக்கு எங்கள் ஜனத்தைத் தவிர வேறு யாராலும் வர முடியாது. கடையில் வாங்கியிருந்தால் மறுநாளே கொண்டுபோய்ச் சண்டை போட்டிருப்பார். காணிக்கைப் பொருள் என்பதால் தன் காதையே குற்றவாளி ஆக்கிவிட்டார். அவர் மனைவி தபீதாள் அத்தை திருப்பதியில் டாக்டரைப் பார்க்கலாம் என்று கெஞ்சியும் போகவில்லை. போனால் உறுதியாகிவிடுமே என்ற பயம்.

அக்கா அன்றே அவர் வீட்டுக்குப் போய் அந்த ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். அவளுக்கும் தூரத்தில்தான் கேட்டது.

"மாமா, பொருள்ல குத்தம் இல்ல. மூணு ஃபேஸ் மோட்டாருக்கு வீட்டு கரண்ட குடுத்தா ஓடுமா? இத்த ஓட்ட போனுக்கு தெம்பு பத்தாது. நாளைக்கு மிஷினு கொண்டாறேன்."

திரும்பும் வழியில் அவள் முகம் இறுகியிருந்தது. "ஹெட்போன சரி பண்ணிடுவேன். ஆனா அவரு எத்தினி வருஷம் ரயில் சத்தத்துல இருந்தவரு. நாளைக்கு அதுல போட்டும் கேக்கலன்னா? அந்த மனுசனுக்கு இருக்கற கொஞ்ச நம்பிக்கையும் நானே புடுங்கின மாதிரி ஆயிடும்டா" என்றாள்.

மறுநாள் மாலை, தானே செய்த ஆம்ப்ளிபயரோடு வந்தாள். அது ஒரு பழைய அலுமினிய டிபன் பாக்ஸுக்குள் இருக்கிறது. மூடியில் ஒரு குமிழ், பக்கத்தில் வயர் செருக ஓட்டை. மாமா அதைத் திறந்து பார்க்கப் போனார், சோறு இருக்கிறதா என்று. அத்தை சிரித்துவிட்டாள். பல நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது.

அக்கா போன வாரப் பயிற்சியில் நாங்கள் பாடியபோது போனில் பதிவு செய்த கீர்த்தனையைப் போட்டாள். குமிழைப் பாதிக்குத் திருப்பிவைத்து, மாமாவின் காதில் மாட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அக்கா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை மெல்ல நகர்ந்து டிபன் பாக்ஸ் மேல் போயிற்று. குமிழைப் பிடித்தது.

மாமா சத்தத்தைக் குறைத்தார்.

குறைத்துவிட்டு, கண்ணைத் திறக்காமலே பேசினார். "நாலு குரலும் தனித்தனியா நிக்குது. டெனர்காரன் அவசரப்படறான். ஆசிரு பேஸ் பரவால்ல. ஏ ஈவ்லினு, ரெண்டாவது சரணத்துல கடைசி வார்த்தைய துன்னுட்ட பாரு! பாடறியா, சோறு துன்றியா?"

அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, வாய் சிரிக்கிறது. "இனிமே துன்ன மாட்டேன் மாமா" என்றாள்.

மாமா ஹெட்போனைக் கழற்றவில்லை. பாட்டை முதலிலிருந்து போடச் சொன்னார்.